பழைய லேப்டாப்பே போதும்

அன்பு மகளுக்கு,

திருத்துறைப்பூண்டியிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ எனக்குப் புது லேப்டாப் பார்த்துக்கொண்டிருப்பதாக அம்மா சொன்னாள். வாங்கிவிடாதே. பழையதே சரியாகிவிட்டது.

லேப்டாப்பை ஓட்டும் உபுண்டுவை (விண்டோஸுக்குப் பதிலாக இருப்பது) 22.04-லிருந்து 24.04-க்கு மாற்றச் சொல்லித் திரையில் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மழை, வயலில் வேலை இல்லை, சரி என்று அழுத்திவிட்டேன். மூன்று மணி நேரம் ஓடி, அணைந்து, திரும்ப எழுந்தது. பாஸ்வேர்டு போடப் போனால் ஒரு புள்ளிகூட விழவில்லை.

கடைத்தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "கீபோர்டு போயிருச்சு சார், மாத்தணும், 1,800 ஆகும்" என்றார் கடைக்காரர். நேற்றுவரை ஓடியது, அப்டேட் முடிந்த அதே நிமிஷம் எப்படிப் போகும்? மனசு ஒப்பவில்லை. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நான் என்ன செய்வேன்? ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாச்சு என்று பேப்பரில் போட்டால் போதுமா? கல்லணை தாண்டியதா, நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கு வந்ததா என்று விசாரித்துவிட்டு, அப்புறம்தான் மண்வெட்டியோடு நம் வாய்க்காலுக்குப் போவேன். இதையும் அப்படியே பார்த்தேன்.

ஆன் செய்ததும் எஸ்கேப்பைத் தட்டினால் கருப்பாக ஒரு மெனு வருமே, கிரப், அங்கே அம்புக்குறி மேலும் கீழும் போனது. அப்படியென்றால் கீபோர்டு சாகவில்லை. எதிர்வீட்டுப் பையனின் யூஎஸ்பி கீபோர்டைச் சொருகினேன், எல்லா எழுத்தும் விழுந்தது. உபுண்டுவும் நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் எங்கோ அடைப்பு.

அதே மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் பழைய கெர்னல் 5.15 இன்னும் இருந்தது. கெர்னல் என்றால் உபுண்டுவின் அடிப்பகுதி, கீபோர்டு மாதிரி பாகங்களோடு பேசுவது அதுதான். அதில் ஏறினால் லேப்டாப் கீபோர்டில் தட்டியதெல்லாம் விழுகிறது. புது 6.8-இல்தான் மக்கர். போனில் தேடிப் படித்தேன். பல லேப்டாப்களில் கூடவே வரும் கீபோர்டு இன்னும் பழைய பிஎஸ்/2 வழியில், ஐ8042 என்ற கன்ட்ரோலர் மூலமாகத்தான் பேசுகிறது. யூஎஸ்பிக்கு வாய்க்காலே வேறு. எழும்போது கெர்னல் அந்த ஐ8042-ஐச் சரியாகக் கண்டுகொள்ளாவிட்டால் இப்படித்தான்.

புது கெர்னல் மேல் நின்று ஆங்கில 'ஈ' விசையைத் தட்டினேன். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'ஐ8042.ரீசெட் ஐ8042.நோபிஎன்பி' என்று சேர்த்தேன். (இங்கிலீஷில் எப்படி அடிப்பது என்று உனக்குத் தெரியும். நடுவில் கமா கூடாது, இடைவெளிதான்.) எஃப்10 அடித்ததும் எழுந்தது. பாஸ்வேர்டு பெட்டியில் புள்ளி புள்ளியாக விழுந்ததைப் பார்க்க அம்மாவைக்கூடக் கூப்பிட்டேன். "இதுக்கா ராத்திரி பதினோரு மணிக்கு எழுப்பினீங்க?" என்றாள்.

அங்கே மாற்றுவது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், அதனால் பயமில்லாமல் செய்து பார்க்கலாம். நிரந்தரமாக்க, டீஃபால்ட் கிரப் ஃபைலில் 'கொயட் ஸ்பிளாஷ்'-க்குப் பக்கத்தில், மேற்கோள் குறிக்குள்ளேயே அந்த இரண்டையும் எழுதிச் சேமித்தேன். சந்தோஷமாகப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் மறுபடி செத்துக் கிடக்கிறது! ஃபைலில் மாற்றியதை கிரப் மெனுவில் ஏற்றும் 'சூடோ அப்டேட்-கிரப்' கட்டளையை அடிக்க மறந்திருக்கிறேன். அதையும் அடித்த பிறகு இன்றோடு நான்கு நாள், ஒரு குறையும் இல்லை.

பழைய கெர்னல் வேண்டாததாம், ஆட்டோரிமூவ் போட்டு நீக்கிவிடு என்கிறது. நான் நீக்கவில்லை. புதுசு முளைக்கிறதா என்று பார்க்காமல் விதைநெல்லை விற்பார்களா?

அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு வாய்க்கால் தூர்வார மனு அடிக்க வேண்டும். தமிழ்99 விசை அமைப்பில் 'ழ' சாய்கோட்டு விசையில் இருக்கிறது, அதைத்தான் முதலில் தட்டிப் பார்த்தேன். கடையில் சொன்னதை நம்பி 1,800 கொடுத்திருந்தால் மனுவும் இருக்காது, காசும் இருக்காது.

திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசை மட்டும் இன்னும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. அவசரமில்லை, நீ வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா