லாட்ஜ் வைத்தியர் விளம்பரத்தை முதலில் நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்குப் பாலியல் கல்வி வேண்டும் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள், நல்லது. அதே பத்திரிகையின் உள்பக்கத்தில் இளமையில் செய்த தவறா, நரம்புத் தளர்ச்சியா என்று கேட்டு, வைத்தியர் இன்ன தேதி ஈரோட்டில், இன்ன தேதி திருப்பூரில் லாட்ஜில் தங்கியிருப்பார் என்று பெட்டி விளம்பரமும் வருகிறதே, அதை யார் படிக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கோபி பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். கூட்டம் குறையும் வரை எதிர் பேக்கரியில் நின்றுவிட்டு வருகிறவர்கள் பிளஸ் ஒன், பிளஸ் டூ பையன்கள்தான். சமீபத்தில் ஒருத்தன் அந்த விளம்பரத்தைச் செல்போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தான். "இந்த லேகியம் இருக்குங்களாண்ணா?" லீவு நாளில் மஞ்சள் மண்டிக்கு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு கையில். விசாரித்தால், தூக்கத்தில் விந்து வெளியாகிறதாம், அதனால்தான் கன்னம் ஒட்டிப்போய்ப் படிப்பும் ஏறவில்லையாம். இந்த வயதில் அது சகஜம், வியாதியே கிடையாது, உடம்பில் எதுவும் வற்றிப்போகாது, காலையில் ஒழுங்காகச் சாப்பிடு என்று சொல்லி அனுப்பினேன். முகத்தைப் பார்த்தால் நம்பியதாகத் தெரியவில்லை. பேப்பரிலேயே போட்டிருக்கும்போது கடைக்காரன் பேச்சு எடுபடுமா?

பாலுறவுத் திறனைக் கூட்டும் என்று சொல்லி மருந்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது என 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. மருந்து விற்பவருக்கு மட்டுமல்ல, அந்த விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கெடுக்கும் எவருக்கும் அது பொருந்தும். உங்களுக்குத் தெரியாததா?

நம்ம ஊரில் பெண்பிள்ளை பெரியவளானால் தெரட்டி சீர், மாமன் தட்டு, மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் எல்லாம் உண்டு. (அவளுக்கும் யாரும் எதையும் விளக்குவதில்லை, நாப்கினைக் கருப்பு கவரில் போடச் சொல்வதோடு சரி.) பையனுக்குக் குரல் உடைந்தால் கிண்டல் செய்வார்கள், அவ்வளவுதான். எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' என்று ஒரு பாடமே இருக்கிறது, அதை வாத்தியார் "வீட்ல படிச்சுக்கங்க" என்று தாண்டிவிட்டதாகக் கடைக்கு வரும் பையன்கள் சொல்கிறார்கள். வீட்டில் யாரிடம் கேட்பான்?

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்காக மத்திய அரசு 2014-ல் ராஷ்ட்ரிய கிஷோர் சுவஸ்திய காரியக்ரம் என்று ஒரு திட்டம் தொடங்கியது. வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் அதன்படி அரசு மருத்துவமனையில் இந்த வயதுப் பிள்ளைகள் காசில்லாமல் ஆலோசனை கேட்கலாம். என் கடைக்கு வரும் ஒரு பையனுக்கும் இது தெரியாது. லாட்ஜ் பெயரும் தேதியும் மட்டும் தெரியும். அந்தப் பெட்டி அளவுக்கே இடம் ஒதுக்கி, நம்ம மாவட்டங்களில் எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை யாரைப் பார்க்கலாம் என்று விசாரித்துப் போடுங்கள். விளம்பர வருமானம் கொஞ்சம் குறையும்தான்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர், கோபிசெட்டிபாளையம்