மேற்கோள் திருட்டாகாது: ஆய்வுப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவு அலுவலர்களுக்கு, வணக்கம்.

என் மாணவியின் ஆய்வேடு மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் கணக்கிட்டதில் ஒப்புமை 37 விழுக்காடாம். பத்துக்குள் கொண்டுவந்தால்தான் வாங்குவீர்களாம்.

அறிக்கையை வரிவரியாகப் பார்த்தோம். 61ஆம் பக்கத்தில் ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ எனத் தொடங்கும் குறுந்தொகைப் பாட்டின் ஐந்தடியும் ஒப்புமை என்று மஞ்சள் பூசியிருக்கிறது. கீழே (குறுந். 40) என்று எண் கொடுத்திருக்கிறாள், அதுவும் மஞ்சள். அடுத்த பக்கத்தில் உ.வே.சா. உரையிலிருந்து மூன்று வரி, மேற்கோள்குறிக்குள், பக்க எண்ணோடு. அதுவும் மஞ்சள். துணைநூற்பட்டியலைக்கூட விடவில்லை. “பாட்டையே மாத்தி எழுதணுமா ஐயா?” என்று கேட்டாள். செம்புலப்பெயனீரார் பாட்டில் எந்தச் சொல்லை மாற்றச் சொல்வேன்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறையை நீங்கள் அறிவீர்கள். சான்று காட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை எல்லாவற்றையும் கழித்துவிட்டே ஒப்புமை பார்க்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. கழித்துக் கணக்கிடுங்கள். நாங்கள் சலுகை கேட்கவில்லை.

சென்ற ஆண்டு இன்னோர் ஆய்வேட்டைப் படித்தேன். பழைய நூல் ஒன்றின் நான்கு பக்கங்கள் அங்கங்கே சொல் மாறி அதில் கிடந்தன. ஆசிரியர் பெயர் எங்குமே இல்லை. ஒப்புமை வெறும் 6. அந்த நூல் இணையத்தில் ஏறாததால் மென்பொருளுக்குத் தெரியவில்லை. பெயர் சொல்லி எடுத்தவள் அலைகிறாள். சொல்லாமல் எடுத்தவர் பட்டம் வாங்கிவிட்டார். இதை எந்த மாணவரிடம் நேர்மை என்று சொல்லிக்கொடுப்பது?

அடிக்குறிப்புப் போடவும், பிறர் கருத்தைத் தன் நடையில் சொல்லி அவர் பெயரைச் சுட்டவும் பிள்ளைகள் பழகியது முனைவர் பட்டத்துக்கு முந்திய எம்ஃபில் ஆய்வுப் படிப்பில். மானியக் குழுவின் 2022 விதிமுறையோடு அந்தப் படிப்பும் போயிற்று. இப்போது ஒப்புமையைக் குறைத்துத் தருகிறோம் என்று ஜெராக்ஸ் கடைகளில் ஒட்டியிருக்கிறார்கள். என் மாணவியையும் அங்கே போகச் சொன்னவர்கள் உண்டு. அவள் போகவில்லை.

கோபத்தில் ஏதும் மிகையாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருள்க. உங்களிடம் பணிந்து கேட்பது இதுதான்: தமிழ் ஆய்வேட்டின் அறிக்கையைத் திருப்பி அனுப்புமுன் தமிழாசிரியர் ஒருவர் அதைப் படித்துப் பார்க்கட்டும். மேற்கோளைக் கழித்துக் கணக்கிடுங்கள். அவளுடைய உதவித்தொகை மார்ச்சோடு நின்றுவிட்டது. வரும் திங்கட்கிழமை இதே ஆய்வேட்டை மறுபடி கொண்டுவருகிறோம், பாட்டில் ஒரு சொல்லும் மாற்றாமல்.

இப்படிக்கு,
தமிழ்த்துறை ஆய்வு நெறியாளர் ஒருவர்