தமிழ்நாட்டுக்கே வந்துவிடலாமா என்று கேட்ட மகளுக்கு

அம்மாடி,

நீயும் மாப்பிள்ளையும் பெங்களூரை விட்டுத் தமிழ்நாட்டுக்கே வந்துவிடலாமா என்று யோசிப்பதாகப் போனில் சொன்னாய். அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், மீதியில் ஆசை கலந்துவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி, மாப்பிள்ளையிடமும் படித்துக் காட்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்காக வரவேண்டாம். இது பெருந்தன்மைக்காகச் சொல்வது இல்லை. நானும் அம்மாவும் இப்போது நன்றாகத்தான் இருக்கிறோம். 2024 ஆகஸ்ட்டிலிருந்து மதுரைக்கும் பெங்களூருக்கும் வந்தே பாரத் ஓடுகிறது. விடிகாலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு உங்கள் ஊரில் இறங்கிவிடலாம். எங்களைக் காரணமாக வைத்து நீ வந்து, இங்கே வேலை சரியாக அமையாமல் போனால், நீ வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாய். ஆனால் உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு உறுத்தும். முதுமையில் எங்களைப் பார்த்துக்கொள்வது தனிப் பேச்சு. அந்தக் காலம் வரும்போது அதற்கு வழி பண்ணிக்கொள்வோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வருவாய்த் துறையில் வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் எனக்கு முதலில் காகிதங்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போய் வசிக்கலாம், குடியேறலாம் என்று அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு உரிமை தருகிறது. உன்னை யாரும் போ என்று சொல்ல முடியாது. ஆனால் படிப்பும் இட ஒதுக்கீடும் மாநிலம் மாநிலமாகத்தான் பிரிந்து கிடக்கின்றன. சாதிப் பட்டியலே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அந்த மாநிலத்தின் சலுகையைக் கேட்க முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நம்மைப் போன்ற பிற்படுத்தப்பட்டவர்களுக்கும் நடைமுறை அதேதான். இங்கே 69 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதில் உன் பிள்ளைக்கும் இடம் உண்டு. கர்நாடக அரசின் கணக்கில் அவன் பொதுப்பிரிவு. மத்திய அரசு வேலை, மத்திய அரசுக் கல்லூரி என்று வந்தால் தமிழ்நாட்டுச் சான்றிதழே செல்லும், அதில் பயமில்லை.

வருடா வருடம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தாலுகா ஆபீசில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்ற பெற்றோர்களை நான் மறக்கவே இல்லை. மும்பையிலும் டெல்லியிலும் நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள். பையனோ பெண்ணோ அங்கேயே படித்திருக்கும். கவுன்சலிங்குக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நேட்டிவிட்டி சர்டிபிகேட், அதாவது இந்த மாநிலத்துக்காரர் என்ற சான்று, வேண்டும் என்று ஓடிவருவார்கள். அப்பாவின் பள்ளிச் சான்றிதழ் இருக்காது, ரேஷன் கார்டில் பேர் எப்போதோ நீக்கப்பட்டிருக்கும், பூர்வீக வீட்டை விற்றிருப்பார்கள். விசாரணைக்குப் போனால் தெருவில் அவர்களைத் தெரிந்தவர்கள் இருக்கமாட்டார்கள். பிறந்து வளர்ந்த மண்ணில் தான் இந்த ஊர்க்காரன் என்று நிரூபிக்க அலைவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். உனக்கு அந்த நிலை வரக்கூடாது.

அதனால் பேரன் விஷயத்தில் ஒரு கணக்குச் சொல்கிறேன். இப்போது அவன் ஒன்றாம் வகுப்பு. அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது, மீதி 85 சதவீதம் அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை இங்கேயே படித்தால் பெரிய கேள்வி எதுவும் வராது. வெளியே படித்தால் நேட்டிவிட்டி காட்டி விண்ணப்பிக்கலாம், ஆனால் நான் மேலே சொன்ன அலைச்சல் உண்டு. என்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு எட்டாம் வகுப்பிலிருந்து பார்க்கிறார்கள். கர்நாடகத்திலோ பொதுவாக ஏழு வருடமாவது அங்கே படித்திருக்க வேண்டும். அவன் டாக்டராகத்தான் வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. ஓவியம் வரைகிறேன் என்றாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் மாற்றுவதும், இரண்டு வருடம் கழித்துத் திரும்பவும் மாற்றுவதும் கூடாது. எங்கே என்பதை அவன் ஆறாம் வகுப்புக்குள் முடிவு பண்ணிவிடுங்கள். இன்னும் அவகாசம் இருக்கிறது, அவசரம் இல்லை.

அடுத்தது தமிழ். இதை எழுதும்போது எனக்கு மனசு கனக்கிறது, அதனால் நேராகவே சொல்கிறேன். பேரன் நம்மோடு நன்றாகப் பேசுகிறான், ஆனால் ஒரு எழுத்து படிக்கத் தெரியவில்லை. கன்னடம் படிக்கிறான், கடைப் பலகையெல்லாம் வாசிக்கிறான். அதில் எனக்குப் பெருமைதான். எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊர் மொழியைப் பிள்ளை கற்றே ஆகவேண்டும். 2015இல் கர்நாடகம் பள்ளிகளில் கன்னடம் கற்பிக்கச் சட்டம் போட்டது. நம்மூரில் தமிழைப் பத்தாம் வகுப்புவரை படிப்படியாகக் கட்டாயமாக்கிய சட்டம் 2006லேயே வந்துவிட்டது. இரண்டு மாநிலமும் செய்தது ஒன்றேதான், இரண்டுமே நியாயம். ஆனால் அங்கே இருந்தால் அவனுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுத்தரும் வேலை முழுக்க உன்னுடையது. ஆபீஸ் முடிந்து எட்டு மணிக்கு வந்து, சமைத்து, வீட்டுப்பாடம் பார்த்து, அதற்கப்புறம் அகரவரிசை எழுத வைக்கவேண்டும். உன்னால் முடியும் என்று தெரியும். தினமும் முடியுமா என்பதுதான் கேள்வி. இங்கே இருந்தால் பள்ளி அந்த வேலையைச் செய்துவிடும், தெருவும் சேர்ந்து செய்யும்.

பெங்களூரைப் பற்றி எனக்கு மனக்குறை கிடையாது. உனக்கு வேலை கொடுத்து, வீடு கொடுத்து, தைரியம் கொடுத்த ஊர். பிரசவத்துக்குப் பிறகு நீ வேலையை விட்டு, திரும்ப இன்னொரு கம்பெனியில் சேர்ந்தாயே, மதுரையில் அது அவ்வளவு சுலபமாக நடந்திருக்காது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் ஐடி பூங்கா இருக்கிறது, மாட்டுத்தாவணியில் டைடல் பார்க் வருகிறது. வரட்டும், நல்லது. ஆனால் உன் வேலைக்கு ஒரு கம்பெனி இருந்தால் போதாது, அதை விட்டால் போக இன்னும் பத்து கம்பெனி பக்கத்தில் இருக்கவேண்டும். மேலதிகாரி சரியில்லை என்றால் வீட்டை மாற்றாமலே வேலையை மாற்ற முடிகிறதே, அந்தச் சுதந்திரத்தைச் சாதாரணமாக எண்ணாதே. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது பெரிய பலம்.

காவிரிப் பிரச்சினை வந்தபோதெல்லாம் நாங்கள் இங்கே பயந்துகொண்டிருந்தோம், அதையும் மறைக்கவில்லை. 1991 கலவரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெங்களூர் அல்சூரில் வைத்த திருவள்ளுவர் சிலை பதினெட்டு வருடம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட்டில்தான் திறந்தார்கள். அதே வாரத்தில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். இரண்டு அரசும் கைகோத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டு பஸ்களை எரித்தபோது, உங்கள் வீட்டுக்கார அம்மா உன்னை வெளியே போகவிடாமல் தன் வீட்டிலேயே சாப்பிட வைத்தார்களே, அதை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த ஊரின் மனுஷர்கள் அப்படி. ஆனாலும் தண்ணீர்ச் செய்தி வரும் நாளில் வண்டி நம்பரைப் பற்றி ஒருவர் யோசிக்க வேண்டியிருக்கிறது என்றால் அதுவும் ஒரு பாரம்தான். சொந்த மாநிலத்தில் அந்த நினைப்பே வராது.

இங்கே வேறு பாரம் இருக்கிறது, அதை நீயே அறிவாய். மதுரைக்கு வந்தால் காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம் எதையும் விட முடியாது. இரண்டாவது பிள்ளை எப்போது என்று கேட்பார்கள். மாப்பிள்ளை சமைத்தால் அது ஒரு பேச்சாகும். நான் இருக்கும்வரை பாதியைத் தடுப்பேன், முழுவதும் தடுக்க என்னால் முடியாது. நீ அங்கே நிமிர்ந்து நடந்து பழகிவிட்டாய். அந்த நடையை இங்கே யாருக்காகவும் மாற்றிக்கொள்ளக் கூடாது என்பது என் ஆசை, ஆனால் தினம் தினம் பதில் சொல்லிக் களைத்துப்போவாய் என்ற கவலையும் இருக்கிறது. உன் மாமியார் வீட்டுப் பக்கமும் எதிர்பார்ப்பு இருக்கும். இதை மாப்பிள்ளை முதலில் அவர்களிடம் பேசட்டும், நீ பேசாதே.

அதனால் வருவதென்றால் சென்னை என்று யோசியுங்கள். வேலை மாற்ற இடமிருக்கிறது, பிள்ளைக்குத் தமிழ்நாட்டுப் படிப்பு, நாங்கள் ராத்திரி ரயிலில் ஏறினால் காலையில் வந்துவிடுவோம், உறவினர்களும் கொஞ்சம் தூரத்தில் இருப்பார்கள். குறையும் சொல்லவேண்டும். 2015 வெள்ளம், 2019இல் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், இதெல்லாம் அந்த ஊர் பட்டது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் வாழ்ந்து பழகிய உடம்புக்கு மே மாதம் சித்திரவதையாக இருக்கும். பள்ளிக்கரணை பக்கம் ஏரியாக இருந்த இடத்தில் எழும்பிய அடுக்குமாடி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பெங்களூரிலும் 2024இல் போர்வெல் வற்றியது, எனவே தண்ணீரை வைத்து மட்டும் எந்த ஊரையும் தள்ளவேண்டாம்.

ஓசூரை மாப்பிள்ளை சொன்னாராம். தமிழ்நாட்டுப் பள்ளி, பெங்களூர் வேலை. காகிதத்தில் அருமையாக இருக்கிறது. அவர் ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டியில், சரி. உன் ஆபீஸ் ஊரின் அந்தக் கோடியில் அல்லவா? எல்லையில் அத்திப்பள்ளி நெரிசலில் தினமும் உன் மூன்று மணி நேரம் போகும். நீ வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி எழுத்தில் கொடுத்தால் மட்டும் பார்க்கலாம்.

எங்கே வந்தாலும் முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். வீடு வாங்கு, இடம் வாங்கு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். இங்கே முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஐம்பது லட்சத்துக்கு வாங்கினால் நாலரை லட்சம் அதற்கே போய்விடும். பிடிக்கவில்லை என்று விற்றால் அந்தப் பணம் திரும்பி வராது.

என் மனசு எந்தப் பக்கம் என்று கேட்டால், தமிழ்நாட்டுப் பக்கம்தான். பேரனுடைய படிப்பும் தமிழும்தான் காரணம். ஆனால் இந்த வருடம் வேண்டாம். அவன் மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்பு படிக்கும்போது, உன் கையில் சென்னை வேலைக்கான ஆர்டர் இருக்கும்போது வா. ஒருவேளை அங்கேயே இருப்பது என்று முடிவெடுத்தால் அதையும் நான் சந்தோஷமாக ஏற்பேன். ஆனால் அப்போது பாதி மனசோடு இருக்காதே. உன் ஓட்டு இன்னும் இங்கே இருக்கிறது. குடியிருக்கும் இடத்தில்தான் ஓட்டு இருக்கவேண்டும், இரண்டு இடத்தில் பேர் வைக்கச் சட்டமும் இடம் தராது. அங்கே மாற்றிக்கொள். கடைக்காரரிடம் பேசும் கன்னடம் போதாது, பேப்பர் படிக்கும் அளவுக்குக் கற்றுக்கொள். பேரன் சொல்லித்தருவான். அந்த ஊர் வார்டு கூட்டத்துக்குப் போ, சாக்கடை அடைத்தால் புகார் கொடு.

இப்போதைக்கு இரண்டு வேலை மட்டும் செய். கார் கர்நாடக நம்பர், இங்கே கொண்டுவந்து நிரந்தரமாக வைத்தால் பன்னிரண்டு மாதத்துக்குள் மாற்றிப் பதியவேண்டும், அங்கே ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வாங்கவேண்டும். புதுக் கார் வாங்கும் எண்ணம் இருந்தால், மாப்பிள்ளை கம்பெனிக்கு நாலு மாநிலத்திலாவது ஆபீஸ் இருக்கிறதா என்று கேள். இருந்தால் பிஎச் (பாரத் சீரிஸ்) நம்பர் வாங்கிவிடலாம், மாநிலம் மாறினாலும் திரும்பப் பதிய வேண்டியதில்லை.

இரண்டாவது, மாப்பிள்ளையின் சாதிச் சான்றிதழ் பழைய கையெழுத்து அட்டையா, இ-சேவையில் எடுத்ததா என்று பார்த்துச் சொல். பழையது என்றால் பேரனுக்கு விண்ணப்பிக்கும் முன் அதைப் புதிதாக எடுப்பது நல்லது. அவர் ஊர்ப்பக்கம், சங்கரன்கோவில் தாலுகாவில்தான் எடுக்கவேண்டும். அவருடைய பள்ளி மாற்றுச் சான்றிதழையும் பேரனின் பிறப்புச் சான்றிதழையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. சம்பந்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன், அடுத்த வாரமே ஒரு நடை போய்வருகிறேன்.

அன்புடன்,
அப்பா