ஆறு மணிக்கு வெந்நீர்

குன்னூர்,
ஜனவரி 19

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து வாக்கர் இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. பிசியோதெரபிக்கு வருகிற பெண் சொல்வதை அப்படியே கேள். மாடிப்படி ஏறிப் பார்க்கிற வேலையெல்லாம் இப்போது வேண்டவே வேண்டாம். இங்கே குளிர் ஏறிவிட்டது. காலையில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகிறது.

உன் மகள் பெங்களூரில் வெந்நீர் ஹீட்டரை அணைக்க மறந்து ஆபீஸ் போய்விடுகிறாள், நேரம் பார்த்துத் தானே போட்டு அணைக்கிற டைமர் போடலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் போடச் சொல். ஆனால் நான் முதலில் போட்டது போல மட்டும் போட்டுவிட வேண்டாம். அதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்து அவளுக்கும் அனுப்பு.

எங்கள் வீட்டில் இருப்பது 25 லிட்டர் ஹீட்டர், 2 கிலோவாட். மாமியாருக்கு 83 வயதாகிறது, காலை ஆறு மணிக்குக் குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றுவார். அந்த நேரத்தில் வெந்நீர் இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில் இரவு படுக்கும்போதே சுவிட்சைப் போட்டுவிடுவார், சில நாள் காலையில் யாரும் கவனிக்காமல் மத்தியானம் வரை எரிந்துகொண்டிருக்கும். நான் ஒன்றும் சொன்னதில்லை. அந்த வயதில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளச் சொல்ல யாருக்கு மனசு வரும்.

போன ஜூனில் நானே கடைக்குப் போய், பிளக்கில் செருகுகிற டைமர் ஒன்று வாங்கி வந்தேன். அதன் முனைகள் சின்னவை, 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கானவை. ஹீட்டருடைய பிளக்கோ பெரிய மூன்று முள், 16 ஆம்பியர். கடைக்காரர் நடுவில் மாட்ட ஒரு கன்வர்ஷன் பிளக்கும் கொடுத்தார், நானும் மாட்டிவிட்டேன். மூன்று வாரம் ஒழுங்காகத்தான் ஓடியது. ஒரு நாள் விடிகாலையில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், டைமரின் பின்பக்கம் உருகிச் சாக்கெட்டோடு ஒட்டியிருக்கிறது, சுவரில் கை அகலத்துக்குக் கரி. மாமியார் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கை நடுங்கியது வசந்தி, இப்போது எழுதும்போதும் அந்த நாற்றம் மூக்கில் வருகிறது.

காரணம் ரொம்ப எளிது, எலக்ட்ரீஷியன் வந்து இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 8.7 ஆம்பியர். அதுவும் மிக்ஸி மாதிரி இரண்டு நிமிடம் ஓடி நிற்பதில்லை, நாற்பது நிமிடம் விடாமல் ஓடும். 6 ஆம்பியருக்குச் செய்த முனையில், அதுவும் தளர்ந்துபோன சாக்கெட்டில், அவ்வளவு கரண்டைத் தள்ளினால் சூடாகாமல் என்ன செய்யும்? கன்வர்ஷன் பிளக் முள்ளின் அளவைத்தான் மாற்றும், தாங்கும் திறனை மாற்றாது. எத்தனை வீட்டில் அயர்ன் பாக்ஸுக்கும் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் இதைச் செருகி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. உன் வீட்டிலும் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் போடு.

அப்புறம் முறையாகச் செய்தோம். போர்டிலிருந்து ஹீட்டருக்கு என்று தனியாக 2.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்து, அதற்குச் சுமை மீறினால் தானே விழுகிற தனி எம்சிபி, கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, எர்த் சரியாக வருகிறதா என்ற சோதனை, எல்லாம் முடிந்த பிறகுதான் டைமர் பேச்சையே எடுத்தார் அந்த மனிதர். டைமரைக் குளியலறையில் வைக்கக் கூடாது, ஈரம் படும் என்று வெளியே நடைவழியில் ஒரு பெட்டி மாட்டினார். உள்ளே டைமர், பக்கத்திலேயே கான்டாக்டர் என்கிற ஒரு பெரிய தானியங்கி சுவிட்ச். டைமர் நேரம் பார்த்துச் சைகை மட்டும் கொடுக்கும், ஹீட்டரின் சுமையைக் கான்டாக்டர் வாங்கிக்கொள்ளும். டைமர் மேலேயே 16 ஆம்பியர் என்று போட்டிருந்ததால் இது வேண்டுமா என்று கேட்டேன். தினமும் முழுச் சுமையை அதுவே போட்டு அணைத்தால் அதன் முனை சீக்கிரம் தேய்ந்துவிடும், கான்டாக்டர் அந்த வேலைக்கென்றே செய்தது என்றார். நியாயமாகப் பட்டது.

முதலில் அவர் வைத்தது வட்டமான டயல் டைமர், சுற்றிலும் கால் மணிக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன முள். பார்க்க எளிதாக இருந்தது. ஆனால் இங்கே மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது உனக்குத் தெரியும். கரண்ட் போனால் அந்த டயலும் நின்றுவிடும், வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து சுற்றும். ஒரு நாள் இரவு இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை, மறுநாள் வெந்நீர் வந்தது எட்டு மணிக்கு. மாமியார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வாரமே உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமராக மாற்றினோம். உன் மகளுக்கு வேறு எதை மறந்தாலும் இதை மறக்காமல் சொல், பேட்டரி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

நேரம் எப்படி வைப்பது என்று நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கே இந்த மாதம் தண்ணீர் 15 டிகிரி என்று வைத்துக்கொள், அதை 60 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். 25 லிட்டருக்கு 1.3 யூனிட் வருகிறது, 2 கிலோவாட் ஹீட்டர் அதற்கு நாற்பது நிமிடம் எடுக்கும். அதனால் 5.10க்குப் போட்டு 5.55க்கு அணைகிற மாதிரி வைத்திருக்கிறேன். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, மாமியார் குளிக்கப் போகும்போது ஹீட்டருக்குக் கரண்டே போகவில்லை என்பதுதான். ரிப்பேர் செய்ய வந்தால் மட்டும் டைமரை நம்பாமல், இரண்டு ஒயரையும் சேர்த்துத் துண்டிக்கிற டிபி சுவிட்சையும் எம்சிபியையும் இறக்கிவிட வேண்டும்.

சிக்கனம் என்று தெர்மோஸ்டாட்டை 45க்கு இறக்கி வைக்கச் சிலர் சொல்வார்கள், கேட்காதே. வெதுவெதுப்பான தண்ணீர் தொட்டியிலேயே கிடந்தால் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், வயதானவர்களின் நுரையீரலைத்தான் அது அதிகம் பிடிக்கும். நாங்கள் 60லேயே வைத்து, பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்து அதில் வெந்நீர் விளாவிக்கொள்கிறோம்.

ஆறிப்போன தண்ணீரை மறுபடி முதலிலிருந்து காய வைத்தால்தான் கரண்ட் அதிகம், அதனால் ஹீட்டரைப் போட்டபடியே விட்டுவிடுவதே மேல் என்று இவரும் ரொம்ப நாள் வாதாடினார். அது சரியில்லை. தொட்டி எவ்வளவு நேரம் சூடாக இருக்கிறதோ அவ்வளவு நேரமும் சுவர் வழியாகச் சூடு கசிகிறது, கசிந்ததை ஈடுகட்டத் தெர்மோஸ்டாட் திரும்பத் திரும்பப் போட்டு அணைக்கிறது. உங்கள் வீட்டுக் கொல்லையில் செம்பு பாய்லர் இருந்ததே, உன் அம்மா விடிகாலையில் எழுந்து கொட்டாங்குச்சி போட்டு மூட்டுவார்களே, ராத்திரி முழுக்க அதை எரிய விட்டார்களா? குளிக்கிற நேரத்துக்குத்தானே மூட்டினார்கள். பெட்டியிலேயே ஹீட்டருக்கு மட்டும் யூனிட் காட்டுகிற ஒரு சப் மீட்டரும் மாட்டச் சொல்லியிருந்தேன். மாமியார் கொழுந்தன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு நாள் முழுக்க ஹீட்டரைப் போட்டபடியே விட்டுவிட்டு, குழாயையே திறக்காமல் பார்த்தோம். ஒரு சொட்டு வெந்நீர் எடுக்காமல் 1.2 யூனிட் ஓடியிருந்தது. இவர் அதோடு வாதாடுவதை விட்டுவிட்டார்.

ஹீட்டர் கரண்ட் முழுக்க மிச்சமாகிவிடும் என்று சொல்ல மாட்டேன், குளிக்கிற தண்ணீரைக் காய்ச்சுகிற கரண்டை எந்த டைமரும் குறைக்காது. ஆனால் எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 530 யூனிட் வந்துகொண்டிருந்தது, இப்போது 480க்குள் நிற்கிறது. இங்கே தமிழ்நாட்டில் 500ஐத் தாண்டினால் 101லிருந்து 200 வரைக்கும் உள்ள யூனிட்டுக்கே விலை கூடிவிடுகிறது, அதனால் அந்த ஐம்பது யூனிட் பில்லில் நன்றாகவே தெரிகிறது. பெங்களூரில் இந்தப் படிக்கட்டுக் கணக்கு கிடையாது, அவளுக்கு லாபம் கம்மியாகத்தான் இருக்கும். இருந்தாலும், பூட்டிய வீட்டில் ஹீட்டர் எரிகிறதோ என்று பஸ்ஸில் உட்கார்ந்து தவிக்க வேண்டாமே.

முதல் வாரம் மாமியாருக்கு நம்பிக்கை வரவில்லை. ஐந்தரைக்கே எழுந்துபோய் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுப்பார். இப்போது பார்ப்பதில்லை. இரவில் சுவிட்ச் பக்கமே போவதில்லை, நிம்மதியாகத் தூங்குகிறார், நானும்தான்.

மகளிடம் சொல்லி அவள் குளியலறைச் சுவிட்ச் போர்டையும், ஹீட்டரில் வாட் எழுதியிருக்கிற ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். எங்கள் எலக்ட்ரீஷியனிடம் காட்டி, என்னென்ன வாங்க வேண்டும் என்று எழுதி அனுப்புகிறேன். கால் சரியானதும் ஏப்ரலில் வா, சீசன் கூட்டம் தொடங்குவதற்குள். மாமியார் உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
கமலா