கூலிக் கொட்டகையைப் பிள்ளைகளின் படிப்பகமாக்க உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுத்த நம் ஊர்க் கூலிக் கொட்டகையைச் சரிசெய்து, பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்க ஓர் இடமாக்கப் போகிறோம். அதற்கு உங்கள் நன்கொடை வேண்டும்.

காலையில் அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாலே காரணம் தெரியும். விம்கோ நகரில் இறங்கி மெட்ரோ மாறுகிறவர்கள், கொருக்குப்பேட்டையில் வேலைக்கு இறங்குகிறவர்கள், சென்ட்ரல் வரை நின்றுகொண்டே போகிறவர்கள் என்று ஊரில் பாதிப் பேர் அங்கேதான். திரும்பி வர இரவு எட்டு ஆகிறது. பள்ளிக்கூடம் நாலு மணிக்கே விட்டுவிடுகிறது. நடுவில் இருக்கிற நாலு மணி நேரம் பிள்ளைகள் தெருவில். தெருமுனையில் கன்டெய்னர் லாரி ஓடிக்கொண்டிருக்கிறது.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. இந்த ஊரும் முன்பு விடியுமுன்னே எழுந்த ஊர்தான், உப்பு வார. வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் கண் கூசும், கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறி எரியும். பாத்தித் தண்ணீரின் உப்புச் செறிவு 25 டிகிரியைத் (இது சூட்டின் அளவு இல்லை) தொட்டால்தான் உப்பு இறங்கும், 30-ஐ நெருங்கவிட்டால் கசப்பு சேரும். பள்ளிக்கூடமே போகாத பெண்கள் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு இதைச் சரியாகச் சொல்வார்கள். ஐப்பசி மழை இறங்கினால் வேலை நின்றுவிடும், அப்புறம் தை மாதம் வரை கடன்தான். 1990-களில் வடசென்னை அனல் மின் நிலையம் வந்தது, 2001-இல் எண்ணூர் துறைமுகம் திறந்தது, பின்னாலேயே கன்டெய்னர் யார்டுகள் வந்தன. பாத்திகள் ஒவ்வொன்றாக மூடின. வாரக் கூலி எண்ணிக் கொடுத்த கொட்டகை மட்டும் பூட்டிக் கிடக்கிறது.

இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டலாம் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். சுவர் இரண்டு செங்கல் கனம், இன்னும் நேராக நிற்கிறது. அதை இடிக்கிற செலவில் பாதி வேலையை முடித்துவிடலாம் என்று மற்றவர்கள் சொன்னோம். வாக்குவாதம் ஓய மூன்று கூட்டம் ஆயிற்று. அந்த டீச் செலவை நன்கொடையில் சேர்க்கவில்லை.

உண்மையான சிக்கல் உப்புதான். இத்தனை வருஷம் மூட்டை அடுக்கியதில் செங்கல்லுக்குள் உப்பு ஏறியிருக்கிறது. சுவரைக் கையால் தடவினால் வெள்ளை மாவு ஒட்டுகிறது. மேலே சிமென்ட் பூசினால் இரண்டு மழைக்காலத்தில் பாளம் பாளமாக உதிர்ந்துவிடும் என்கிறார் கொத்தனார். பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லைத் தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவி, காயவைத்து, சுண்ணாம்புப் பூச்சுதான் பூச வேண்டும். ஜன்னல் கம்பிகளை உப்புக் காற்று தின்றுவிட்டது, இனி மரச்சட்டம். அதே காரணத்தால் கூரைக்குத் தகரம் வேண்டாம், ஓடுதான். 2015-லும் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்ற அளவு சுவரில் கோடாகத் தெரிகிறது, தரையை அதற்கு மேலே தூக்க வேண்டும்.

கூரைக்கு 1,80,000 ரூபாய், சுவருக்கும் தரைக்கும் 1,40,000, மின்சாரம், மேசை, கழிப்பறை எல்லாம் சேர்த்து 90,000. மொத்தம் 4,10,000 ரூபாய். மழைக்கு முன்னால் கூரை ஏறியாக வேண்டும், அதனால் முதலில் வருகிற பணம் அதற்குத்தான். இடம் ஊர்ப் பொது இடம், ஊராட்சியின் அனுமதிக் கடிதம் வாங்கிவிட்டோம்.

மாலையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உப்பளத்தில் வேலை செய்த ஆயாக்கள் நாலு பேர் முறைவைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் வேண்டாம், ஃபேன் மட்டும் போடுங்கள் என்றார்கள். ஒரு சுவரில் உப்பு வாரும் பலகை, கூடை, டிகிரிக் குழாய் ஆகியவற்றை மாட்டி வைப்போம். வீட்டுப் பரணில் கிடந்தால் கொண்டுவந்து கொடுங்கள்.

பணமாகத் தர முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பூச்சு கொத்த வரலாம். வாடகைக்கு இருக்கிறோம், எங்களுக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். உங்கள் பிள்ளையும் அங்கேதான் உட்காரப் போகிறது.

நன்கொடையை ஞாயிறு காலை கொட்டகை வாசலில் பொருளாளரிடம் கொடுக்கலாம். வங்கிக் கணக்கு விவரம் அங்கே பலகையில் ஒட்டியிருக்கிறது, வரவு செலவையும் மாதாமாதம் அதிலேயே ஒட்டுவோம். எண் போட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள், குழுவில் இருக்கிறவரே வந்து கேட்டாலும்.

இப்படிக்கு,
கூலிக் கொட்டகைச் சீரமைப்புக் குழு