செம்பரம்பாக்கம் செய்திக்கு எந்தத் தேதி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலம் வந்தால் எங்கள் ஜாபர்கான்பேட்டை குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி தவறாமல் வந்து விழும்: செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறப்பு. 2015 டிசம்பர் செய்தி அது. யாரோ கிளப்பிவிட்ட வதந்தி இல்லை, ஒரு தமிழ்ச் செய்தித் தளத்துக்கே போகிற நிஜமான இணைப்பு. தட்டினால் மேலே தளத்தின் பெயர், பக்கத்தில் இன்றைய தேதி, கிழமை. உடனே தரைத்தளத்துக்காரர்கள் ஸ்கூட்டரை மேட்டுத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அடையாற்றங்கரையில் அந்த வெள்ள ராத்திரியைப் பார்த்தவர்களிடம் "பதறாதீங்க" என்று சொல்லிப் பயனில்லை.

கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இணையதளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். செய்தித் தளத்தில் பக்கம் என்பது பொதுவாக முழுசாக எழுதி வைக்கப்பட்டிருக்காது. தலைப்பு, செய்தி, தேதி எல்லாம் டேட்டாபேஸில் தனித்தனிக் கட்டங்களில் கிடக்கும். வாசகர் தட்டும்போதுதான் சி.எம்.எஸ், அதாவது தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள், அவற்றை எடுத்து டெம்ப்ளேட் என்ற பக்க அச்சில் பொருத்தி அனுப்புகிறது. டெம்ப்ளேட்டின் உச்சியில் 'இன்றைய தேதியைப் போடு' என்று ஒரு வரி இருந்தால், எத்தனை பழைய செய்தியும் அந்தத் தேதியோடுதான் வரும். பக்கவாட்டில் 'அதிகம் படித்தவை', அதற்கடியில் இன்றைய தங்கம் விலை. பழைய செய்தி ஒன்று, சுற்றிலும் எல்லாம் புதுசு.

இன்னொரு வழியிலும் ஏமாறலாம். வேர்ட்பிரஸில் ஒவ்வொரு பதிவுக்கும் வெளியான தேதி, கடைசியாகத் திருத்திய தேதி என்று இரண்டு உண்டு. தளத்துக்குத் தோற்றம் தரும் தீம்களில் சில இரண்டாவதை மட்டும் காட்டும். உதவி ஆசிரியர் ஒருவர் ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்திச் சேமித்தால் போதும், அந்த வெள்ளம் இன்று காலைக்கு வந்துவிடும்.

முகவரியைப் பார்த்தாவது கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். 2015/12/02 என்று முகவரியிலேயே தேதி வரும்படி வைக்க வேர்ட்பிரஸில் வசதி இருக்கிறது. தேடுபொறிக்கு ஆகாது என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது தலைப்பு. தமிழ்த் தலைப்பு முகவரிக்குள் சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக உடைந்துதான் உட்காரும். ஒரு 'க'வுக்கே இவை எல்லாம் சேர்த்து ஒன்பது எழுத்துக்குறி, 'கா' என்றால் துணைக்காலுக்கும் சேர்த்துப் பதினெட்டு. அந்த இடத்துக்கு வேர்ட்பிரஸ் தருவதோ மொத்தம் 200. 'செம்பரம்பாக்கம் ஏரி உபரி' என்பதோடு அது தீர்ந்துவிடும், நீர் திறப்பதற்கு இடமில்லை! அப்படி ஒரு இணைப்பு வாட்ஸ்அப்பில் வந்தால் யார் படிப்பார்கள்?

நேர் எதிரான தொல்லையும் உண்டு. மழை நாளில் லட்சக்கணக்கானோர் ஒரே பக்கத்தைத் தட்டும்போது, ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தோசை வார்க்க சர்வருக்குத் தெம்பில்லை. அதனால் ஒருமுறை செய்த பக்கத்தின் நகலை, கேஷ் என்பார்கள், வைத்துக்கொண்டு அதையே கொடுக்கும். செய்தியைத் திருத்தினால் நகல் அழிய வேண்டும். இடையில் நிற்கும் சர்வர்களுக்கு அந்தத் தகவல் போய்ச் சேராவிட்டால், மதியம் ஏரி மட்டத்தை மாற்றிப் போட்டும் வாசகருக்குக் காலை மட்டமே தெரியும். எனவே ஏரி நிலவரத்துக்குத் தேதியோடு மணியும் வேண்டும்.

உங்கள் தளம் வேறு சி.எம்.எஸ்ஸில் ஓடலாம், கதை ஒன்றுதான். அங்கும் உச்சியில் இன்றைய தேதிதான் நிற்கிறது. வெளியான தேதி செய்தியின் அடியில், சாம்பல் நிறத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் அளவில். அதை ஆண்டோடு தலைப்புக்குக் கீழே கொண்டுவாருங்கள். ஓராண்டு தாண்டிய செய்திகளில் 'இது 2015-இல் வெளியானது' என்று தானாக ஒரு பட்டை வரட்டும். பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் 2019-இலேயே பழைய கட்டுரைகளுக்கு இப்படி மஞ்சளில் போடத் தொடங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் முன்னோட்டமாகத் தெரியும் படத்திலும் ஆண்டு இருந்தால் பாதிப் பேர் தட்டவே மாட்டார்கள். லட்சம் செய்திகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதில்லை, டெம்ப்ளேட்டில் சில வரிகள்தான். அக்டோபருக்குள் முடித்துவிடலாம்.

அப்புறம், உச்சியில் இருக்கும் அந்த இன்றைய தேதியைத் தூக்கிவிடுங்கள். அது எங்கள் போனிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகி, ஜாபர்கான்பேட்டை, சென்னை