கன்னிமாரா மலைக்கும் வரட்டும்

ஆசிரியருக்கு,

சென்னை கன்னிமாரா நூலகத்தின் அரிய நூல்களை மின்வடிவாக்குவது பற்றிய செய்தி படித்தேன், மகிழ்ச்சி. 1896-இல் திறந்த அந்த நூலகம், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி போய்ச் சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. பழைய நூல்களை அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். சரி, எழும்பூர்க்காரர் நடந்தே போய்விடலாம். கோத்தகிரிக்காரர் என்ன செய்வார்?

எங்கள் ஊர்ப் பக்கத்து நில அளவை பற்றிய பழைய அறிக்கையைத் தேடி, மேட்டுப்பாளையம் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து போனேன். தாள் நொறுங்கிவிடாமல் இரு உள்ளங்கைகளிலும் தாங்கியபடி எடுத்து வந்தார் ஊழியர். எனக்கு வேண்டியிருந்தது இரண்டே பக்கம்! மின்வடிவான நூல்களை உதகை மாவட்ட மைய நூலகத்தில் ஒரு கணினியிலாவது பார்க்க அரசு வழிசெய்ய வேண்டும்.

– வாசகர், கோத்தகிரி